சுவரில் எழுதாத அதிகாரம்

முயற்சியைப் பற்றிய குறள் எழுதப்படாத பள்ளிச் சுவர் தமிழ்நாட்டில் அரிது. ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்ற மூன்று அதிகாரங்களில் ஏதோ ஒன்றிலிருந்து ஒரு குறள், தலைமையாசிரியர் அறை வாசலிலோ காலை வழிபாடு நடக்கும் மைதானத்தை ஒட்டிய சுவரிலோ பெரிய எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே வளர்கிறோம். வீட்டிலும் அதையேதான் சொல்கிறார்கள். உழைத்தால் பலன் தானாக வந்து சேரும் என்ற நம்பிக்கை அப்படித்தான் நமக்குள் ஊறிப்போகிறது.

அந்த நம்பிக்கையைக் குலைப்பதற்காக இதை எழுதவில்லை. உழைப்பை விட்டுவிட்டு யாரும் எதையும் கட்டியெழுப்பியதில்லை. ஆனால் வள்ளுவர் உழைப்பை மட்டும் தனியே சொல்லிவிட்டுப் போய்விடவில்லை. பொருட்பாலில் 60, 61, 62 ஆகிய அதிகாரங்கள் முயற்சியைப் பேசுகின்றன. அவற்றுக்கு வெகு முன்னதாகவே, 47ஆவதாக, தெரிந்து செயல்வகை வந்துவிடுகிறது. அதையடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல். எதைச் செய்வது, எந்தப் பலத்தில் செய்வது, எப்போது செய்வது, எங்கே நின்று செய்வது என்ற நான்கு கேள்விகளுக்கு நாற்பது குறள். முறையறிந்து செய்யாத முயற்சியைப் பலர் கூடி நின்று காத்தாலும் அது குறைபட்டுத்தான் போகும் என்கிறது 468ஆம் குறள். முயற்சியை அவ்வளவு போற்றிய அதே புலவர் சொன்னது இது. இந்தக் குறளை நான் எந்தப் பள்ளிச் சுவரிலும் பார்த்ததில்லை.

அந்த நாற்பதையும் விட்டுவிட்டு, முயற்சியைச் சொல்லும் முப்பதை மட்டும் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போனவர்கள் நாம். நம்மில் பலர் நாற்பது வயதை ஒட்டி ஒருநாள் கேட்கிறோம்: "இத்தனை வருடம் உண்மையாக உழைத்தேனே, எனக்கு மட்டும் ஏன் ஒன்றும் நடக்கவில்லை?" அந்தக் கேள்வியில் இருக்கும் வலி நிஜமானது. அப்படிக் கேட்பவரிடம் இன்னும் கொஞ்சம் உழையுங்கள் என்று சொல்வது கொடுமை. அவருக்கு உழைப்பில் குறை இல்லை. அந்த உழைப்பு எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்க அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

என் வேலை மனிதவளத் துறையில். சம்பள உயர்வும் பதவி உயர்வும் முடிவாகும் கூட்டங்களில் உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறேன். வெளியே இருப்பவர்கள் அந்த அறையைப் பற்றி என்னென்னவோ கற்பனை செய்கிறார்கள். உள்ளே நடப்பது மிகச் சாதாரணமானது. மேசையைச் சுற்றி ஏழெட்டு மேனேஜர்கள். திரையில் ஒரு எக்ஸெல் தாள். ஒரு வரிக்கு ஒரு மனிதர். முதல் தர ரேட்டிங்கை எத்தனை பேருக்குத் தரலாம் என்ற கணக்கு மேலிடத்திலிருந்து முன்பே வந்துவிட்டது. யார் யாருக்கு என்பதுதான் பாக்கி.

ஒரு பெயர் வருகிறது. அவருடைய மேனேஜர் பேசுகிறார். "நல்ல பையன் சார். ஹார்ட் ஒர்க்கர். எந்த வேலை கொடுத்தாலும் முகம் சுளிக்க மாட்டான்."

"இந்த வருஷம் குறிப்பா என்ன பண்ணினார்?" என்று எதிரில் இருப்பவர் கேட்கிறார்.

மேனேஜர் கொஞ்சம் யோசிக்கிறார். "எல்லாமே பண்ணுவான் சார்."

அடுத்த வரி வந்துவிடுகிறது.

அந்த வரியில் இருப்பவர் முன்னவரைவிட அதிகம் உழைத்தவர் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் பெயரைப் படித்ததுமே வேறொரு துறையின் மேனேஜர் முந்திக்கொண்டு சொல்கிறார்: "பில்லிங்ல மாசாமாசம் வந்துக்கிட்டிருந்த தப்பை நிறுத்தினது இவங்கதானே? எங்க டீமுக்கு ரெண்டு நாள் வேலை மிச்சம்." அதோடு அந்தப் பெயரைப் பற்றிய பேச்சு முடிந்தது. முதல் தர ரேட்டிங் அவருக்குப் போனது.

முதலாமவர்மேல் அந்த அறையில் யாருக்கும் பகை இல்லை. அவருடைய மேனேஜருக்கு அவரை மிகவும் பிடிக்கும். ஆனால் பிடிக்கும் என்பதைத் தாண்டிச் சொல்வதற்கு அந்த மேனேஜரிடம் ஒரு வாக்கியம்கூட இல்லை. அதே நேரத்தில் கீழ்த்தளத்தில் அந்த மனிதர், யாரோ பாதியில் விட்டுப்போன வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டு செய்துகொண்டிருப்பார். எல்லாமே செய்கிறவரைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றும் மிஞ்சுவதில்லை என்பதை அந்த அறையில்தான் நான் தெரிந்துகொண்டேன். ஹார்ட் ஒர்க்கர் என்ற பாராட்டு, பெரும்பாலும் வேறு எதுவும் நினைவுக்கு வராதபோது வருவது.

அப்படியானால் நம் பெற்றோர் சொன்னது தவறா? தவறில்லை. அவர்கள் காலத்துக்கு அது சரியாகவே இருந்தது. அரசு அலுவலகம், ரயில்வே, வங்கி என்று ஒருமுறை உள்ளே போய்விட்டால் சீனியாரிட்டி பட்டியலே ஆளை மேலே நகர்த்தியது. வருடத்துக்கொரு இன்கிரிமென்ட், கடைசியில் பென்ஷன். பாதையை அலுவலகம் போட்டுக் கொடுத்தது. ஒழுங்காக நடந்தால் போதும். அந்த ஏற்பாடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிட்டது. 2003 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டு அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கே பழைய பென்ஷன் போய்ப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது. தனியார் துறையிலோ, இன்று நாம் இருக்கும் பிரிவு ஐந்து வருடம் கழித்து இருக்குமா என்று நம்மை வேலைக்கு எடுத்தவருக்கே தெரியாது. பாதை போட்டுத் தருபவர் போய்விட்டார். ஒழுங்காக நட என்ற அறிவுரை மட்டும் நின்றுவிட்டது. பாதை போடும் வேலை நம் தலையில் விழுந்திருக்கிறது; விழுந்திருப்பதே பலருக்குத் தெரியவில்லை.

அந்த வேலையைச் செய்தவர் என்று நான் முதலில் நினைப்பது ஸ்ரீனிவாச ராமானுஜனை. கேட்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். அவரைப் பற்றி நாம் சொல்லிவரும் கதை இதற்கு நேர் எதிரானது. கும்பகோணத்து ஏழைப் பையன், நாமகிரித் தாயாரின் அருள், எங்கோ இங்கிலாந்தில் இருந்த கணித அறிஞர் ஹார்டி கண்டுபிடித்து அழைத்துக்கொண்டார் என்று சொல்கிறோம். திறமை இருந்தால் உலகம் தேடி வரும் என்பதற்கு அவரையே சாட்சிக்கு அழைக்கிறோம். நடந்தவற்றை வருடவாரியாகப் பார்த்தால் கதை வேறாக இருக்கிறது.

கும்பகோணம் கல்லூரியில் மற்றப் பாடங்களைக் கவனிக்காமல் விட்டு உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. கையில் பட்டம் இல்லை, வேலை இல்லை. 1909இல் திருமணமும் ஆகிவிட்டது. அந்த ஆண்டுகளில் அவருடைய உழைப்புக்குக் குறைவே இல்லை. நோட்டுப் புத்தகங்கள் நிரம்பிக்கொண்டுதான் இருந்தன. அவற்றைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள்தான் பக்கத்தில் இல்லை.

1910இல் அவர் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி அய்யர், 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். குமாஸ்தா வேலை கேட்கப் போனாலும், கணிதம் தெரிந்த அதிகாரியாகப் பார்த்துத்தான் ராமானுஜன் போயிருக்கிறார். கையில் எடுத்துப்போனது தன் நோட்டை. அதைப் புரட்டிப் பார்த்த அய்யர், இப்படிப்பட்டவரைத் தாலுகா அலுவலகத்தில் முடக்கிப்போட மனமில்லாமல், சென்னையில் இருந்த நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அடுத்து பி. வி. சேஷு அய்யர், கும்பகோணத்தில் இவருக்குப் பாடம் சொன்னவர். அவர் வழியாக நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ்.

குட்டையான, பருத்த உடம்பு, சவரம் செய்யாத முகம், ஒளிவிடும் கண்கள், கக்கத்தில் கிழிந்த நோட்டு. அந்த முதல் சந்திப்பை ராவ் பின்னாளில் இப்படித்தான் நினைவுகூர்ந்தார். நோட்டில் இருந்தது ராவுக்கு முதலில் பிடிபடவில்லை. ராமானுஜன் விடவில்லை. மறுபடி போய், எளிதாகப் புரியக்கூடியவற்றை முதலில் காட்டி, அங்கிருந்து படிப்படியாகக் கடினமானவற்றுக்கு அவரை அழைத்துச் சென்றார். உனக்கு என்னதான் வேண்டும் என்று ராவ் கேட்டபோது, ஆராய்ச்சியைத் தொடர வேண்டும், அதற்கு உயிர்வாழ ஏதோ கொஞ்சம் கிடைத்தால் போதும் என்றார்.

அந்தப் பதிலில் நான் நின்றுவிடுவது உண்டு. பதவி கேட்கவில்லை, பட்டம் கேட்கவில்லை. தன்னால் எது முடியும், அதற்கு எது தேவை என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. தேவை நேரம். வலியறிதல் அதிகாரத்தின் முதல் குறளிலேயே வள்ளுவர், செயலின் வலிமை, தன் வலிமை, எதிராளியின் வலிமை, துணையாக இருப்பவரின் வலிமை என நான்கையும் எடைபோடச் சொல்கிறார். படித்தவர்களே தங்களைப் பற்றி இந்தக் கணக்கைப் போடுவதில்லை. 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று மேலதிகாரி கேட்டால், 'நீங்களே பார்த்துச் செய்யுங்கள் சார்' என்கிறோம். அதைப் பணிவு என்று நினைக்கிறோம். நமக்கே தெரியாததை அவர் எப்படிப் பார்த்துச் செய்வார்?

ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1911இல் கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜனின் முதல் கட்டுரை வந்தது. 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகத்தின் கணக்குப் பிரிவில் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அங்கே அவருக்கு மேலே இருந்த எஸ். நாராயண அய்யரும் கணிதம் கற்றவர். சம்பளம் வந்தது, ஆதரவு இருந்தது. அதோடு நின்றிருக்கலாம். அவர் கேம்பிரிட்ஜுக்கு எழுதினார். எச். எஃப். பேக்கருக்கும் ஈ. டபிள்யூ. ஹாப்சனுக்கும் எழுதியதில் பயன் இல்லை. 1913 ஜனவரி 16 அன்று ஜி. எச். ஹார்டிக்கு எழுதினார்.

அந்தக் கடிதத்தின் அமைப்பைப் பாருங்கள். தான் யார், என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்பதை முதலில் மறைக்காமல் சொல்கிறார். பிறகு, ஹார்டி எழுதிய ஒரு நூலின் 36ஆம் பக்கத்தைச் சுட்டுகிறார். ஓர் எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதற்கு இதுவரை திட்டமான சூத்திரம் கிடைக்கவில்லை என்று அங்கே ஹார்டி எழுதியிருந்தார். உண்மைக்கு மிக நெருங்கி வரும் ஒன்று என்னிடம் இருக்கிறது என்கிறார் ராமானுஜன். அதன் பிறகு பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். யாருக்கு எழுதுகிறோமோ அவர் மனதில் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி எது என்று தேடிப் படித்துவிட்டு எழுதிய கடிதம் அது. 1913 மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை தந்தது. 1914 மார்ச் 17 அன்று கப்பல் ஏறினார்.

ஹார்டி ராமானுஜனைக் கண்டுபிடித்தார் என்கிறோம். ராமானுஜன்தான் ஹார்டியைக் கண்டுபிடித்தார். திருக்கோவிலூர், சென்னை, நெல்லூர் கலெக்டர், துறைமுகம் என்று ஒவ்வொரு படியையும் அவரே தேடி ஏறினார். அப்படிப்பட்ட மேதைக்கே இவ்வளவு நடையும் இத்தனை கடிதங்களும் தேவைப்பட்டன. நம் போன்றவர்களின் வேலை, மேசையில் கிடந்தபடியே தன்னைத் தெரிவித்துக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இல்லை.

இடமும் காலமும் அறிந்து நடந்தவர்களுக்கு அமெரிக்காவில் மூன்று பேரைச் சொல்லலாம். வர்ஜீனியா மாநிலத்து ஹாம்ப்டன் நகரில் லாங்லி விமான ஆய்வுக்கூடம் இருந்தது. பின்னால் அது நாசாவோடு சேர்ந்தது. 1943 முதல் அங்கே கறுப்பினப் பெண்களைக் கணக்குப் போடும் வேலையில் அமர்த்தினார்கள். அவர்களுக்கு வெஸ்ட் ஏரியா என்ற தனிப் பிரிவு. சாப்பிடும் மேசை தனி, கழிப்பறை தனி. எஞ்சினியர்கள் கொடுக்கும் எண்களை வாங்கிக் கணக்கிட்டுத் தாளைத் திருப்பித் தர வேண்டும். அறிக்கையில் எஞ்சினியர் பெயர் வரும், இவர்கள் பெயர் வராது. உழைப்பு மட்டுமே ஒருவரை உயர்த்திவிடும் என்றால், அந்த அறையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் முன்னால் உயர்ந்திருக்க வேண்டும்.

1953இல் அங்கே சேர்ந்தவர் கேத்தரின் ஜான்சன். சில வாரங்களுக்குள் விமானப் பயண ஆய்வுப் பிரிவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே எஞ்சினியர்கள் ஓர் அறையில் கூடி ஆராய்ச்சி அறிக்கைகளை வரி வரியாக விவாதிப்பார்கள். அந்த விவாதத்துக்கான கணக்குகளை ஜான்சனும் போட்டார். கதவுக்கு உள்ளே அவருக்கு இடம் இல்லை. நான் வரக் கூடாதா என்று கேட்டார். பெண்கள் வருவது வழக்கமில்லை என்றார்கள். அதற்கு எதிராகச் சட்டம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். ஒருமுறை கேட்டுவிட்டு விடவில்லை. உள்ளே போகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

தண்ணீருக்குள் இருக்கும்வரை முதலையே வெல்லும், கரையேறினால் மற்ற விலங்குகள் அதை வென்றுவிடும் என்று இடனறிதலில் ஓர் உவமை உண்டு. அந்த அறைக்கு வெளியே ஜான்சன் எண்களைக் கூட்டிக் கொடுப்பவர். உள்ளே போனதும் அந்த எண்கள் எதற்காக என்று கேட்பவராக, தவறான பாதையைத் தடுத்துச் சொல்பவராக ஆனார். திறமை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். 1960இல் ஒரு விண்கலப் பாதை அறிக்கை முடிவதற்குள் டெட் ஸ்கோபின்ஸ்கி என்ற எஞ்சினியர் வேறிடத்துக்குப் போக வேண்டியிருந்தது. பெரும்பகுதியைச் செய்தவர் ஜான்சன்தான், அவரே முடிக்கட்டும் என்று அவர் சொன்னார். அறிக்கை இருவர் பெயரிலும் வந்தது. அந்தப் பிரிவில் ஒரு பெண்ணின் பெயர் ஆசிரியராக அச்சானது அதுதான் முதல் முறை. இரண்டு ஆண்டு கழித்து, 1962 பிப்ரவரி 20 அன்று ஜான் க்ளென் பூமியைச் சுற்றப் புறப்படும் முன், கணினி போட்ட கணக்கை ஜான்சன் கையால் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

டோரத்தி வான் 1943இல் சேர்ந்து, 1949இல் அந்தப் பெண்கள் பிரிவின் தலைவியானவர். அவருடைய பெருமை காலத்தைப் பார்த்ததில் இருக்கிறது. ஐபிஎம் இயந்திரங்கள் லாங்லிக்கு வரத் தொடங்கின. ஒரு அறை நிறையப் பெண்கள் நாள்கணக்கில் போடும் கணக்கை அவை சீக்கிரமே முடித்துவிடும். தன் பிரிவுக்கு இனி வேலை இருக்காது என்பது அவருக்குப் புரிந்தது. இயந்திரத்தைக் குறை சொல்லிக்கொண்டிருக்கவில்லை; அதற்குக் கட்டளை எழுதும் ஃபோர்ட்ரான் மொழியைக் கற்றார். கற்றதைத் தன்னோடு இருந்த பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். 1958இல் தனிப் பிரிவு கலைக்கப்பட்டபின் அவர் கணினிப் பிரிவுக்குப் போய் அங்கே தேர்ந்த நிரலாளரானார். செயற்கை நுண்ணறிவு வந்து என் வேலை என்னாகும் என்று இன்று டெஸ்டிங்கிலும் அக்கவுன்ட்ஸிலும் இருக்கும் நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். வான் காட்டிய வழியைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. எது உங்கள் வேலையை எடுத்துக்கொள்ள வருகிறதோ, அதை நடத்தத் தெரிந்தவராக ஆகிவிடுங்கள். அது வந்து சேர்வதற்கு முன்பே.

மேரி ஜாக்சன் எஞ்சினியராக வேண்டுமென்றால் சில பாடங்களைப் படித்தாக வேண்டும். அந்த வகுப்புகள் வெள்ளையருக்கு மட்டுமான பள்ளிக் கட்டடத்தில் நடந்தன. அவர் ஹாம்ப்டன் நகர நிர்வாகத்திடம் மனுப்போட்டு அனுமதி வாங்கிப் படித்து, 1958இல் நாசாவின் முதல் கறுப்பினப் பெண் எஞ்சினியரானார். தடையாக இருந்தது பாடத்தின் கடினம் என்றால் அதற்கு இரவு பகலாக உழைக்கலாம். இங்கே தடையாக இருந்தது ஒரு கையெழுத்து. எது தடை என்று சரியாகக் கண்டுபிடித்ததால் அவர் போக வேண்டிய இடத்துக்குப் போய்க் கேட்டார். நம்மில் எத்தனை பேர், ஒரு கையெழுத்து வாங்க வேண்டிய இடத்தில் இன்னும் நூறு இரவு கண்விழித்துக்கொண்டிருக்கிறோம்!

இதையெல்லாம் சொன்னால் உடனே ஒரு மறுப்பு வரும். "அப்படியென்றால் காக்கா பிடிக்கச் சொல்கிறீர்களா? ஜால்ரா தட்டச் சொல்கிறீர்களா?" இந்த அருவருப்பு நல்ல குணத்திலிருந்து வருவது, அதை நான் மதிக்கிறேன். நிறைகுடம் தளும்பாது என்று கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தன் பெயரைத் தானே சொல்ல நாக்கு கூசும். ஆனால் இரண்டுக்கும் வேறுபாடு தெளிவாகவே இருக்கிறது. ஜால்ரா தட்டுபவர் மேலதிகாரியைப் பற்றிப் பேசுகிறார். தன் வேலைக்குச் சாட்சி தேடுபவர் வேலையைப் பற்றிப் பேசுகிறார். ராமானுஜன் ஹார்டிக்குத் துதி எழுதவில்லை, தேற்றங்களை எழுதினார். ஜான்சன் யாரிடமும் சலுகை கேட்கவில்லை, தன் கணக்கு விவாதிக்கப்படும் அறையில் உட்கார இடம் கேட்டார். பெரியாரைத் துணைக்கோடல் என்று 45ஆம் அதிகாரத்தையே வைத்த வள்ளுவர், தக்கவரைத் தேடிப்போவதை இழுக்காக நினைக்கவில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. எவ்வளவு திட்டமிட்டாலும் சாதியும் பாலினமும் ஊரும் குடும்பப் பின்னணியும் கதவை அடைக்கும் இடங்கள் உண்டு. உண்மைதான். டோரத்தி வான் தலைமைப் பொறுப்பு இன்னொன்று வேண்டும் என்று முயன்றார். 1971இல் ஓய்வுபெறும்வரை அது அவருக்குக் கிடைக்கவில்லை. ஆகவே உயராதவரைப் பார்த்து, உனக்குச் சாமர்த்தியம் போதவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அநியாயமான கதவை உடைக்கச் சட்டமும் சங்கமும் போராட்டமும் வேண்டும். தனியாளின் திட்டம் அவற்றுக்கு மாற்றாகாது. ஆனால் அநியாயம் இருக்கிறது என்பதற்காக நம் கையில் இருப்பதையும் நாமே விட்டுக்கொடுத்தால் அநியாயத்துக்குப் பாதி வேலை மிச்சம்.

நம் அலுவலகங்களில் பெண்களைப் பார்க்கிறேன். கூட்டக் குறிப்பு எழுதுவது, புதிதாக வந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது, பிரிவுபசாரத்துக்குப் பணம் வசூலிப்பது, பிறந்தநாள் கேக் வாங்குவது, இரண்டு பேர் சண்டையைத் தீர்த்துவைப்பது எல்லாம் அவர்கள் கைக்கே வந்து சேர்கின்றன. இவை இல்லாவிட்டால் அலுவலகம் நடக்காது. ஆனால் அந்த எக்ஸெல் தாளில் இவற்றுக்குக் கட்டம் கிடையாது. இந்த வாரம் குறிப்பை வேறு யாராவது எடுக்கட்டுமே என்று ஒரு பெண் சொல்வது முரட்டுத்தனம் ஆகிவிடாது. தன் நேரத்துக்கு அவர் வைக்கும் காவல் அது. எதைச் செய்வது என்று தேர்ந்தெடுப்பதில், எதை விடுவது என்பதும் அடங்கியிருக்கிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். உழைப்பு என்பது நம் ஆயுளிலிருந்து எடுத்துக் கொடுப்பது. செய்து முடித்த வேலையைத் திருத்தலாம், இழந்த பணத்தை மீண்டும் சம்பாதிக்கலாம். கொடுத்த வருடங்கள் திரும்ப வராது. அவற்றை எங்கே கொடுப்பது என்ற முடிவை யாரோ ஒரு மேனேஜர் கையில் விட்டுவிட்டு, பார்த்துச் செய்வார் என்று காத்திருப்பதை அடக்கம் என்று இதுவரை சொல்லி வந்திருக்கிறோம். அது அடக்கம் ஆகாது. தன் வாழ்க்கையை ஏற்று நடத்தும் பொறுப்பைத் தட்டிக்கழிப்பது அது. வலியும் காலமும் இடமும் அறியச் சொன்னபோது வள்ளுவர் அதை அரசனுக்குச் சொன்னார். சீனியாரிட்டியும் பென்ஷனும் பாதை போட்டுத் தந்த காலம்வரை சாதாரண மனிதர்கள் அதைப் படிக்காமலே சமாளித்துவிட்டார்கள். இனி முடியாது. உழைப்பதும், அந்த உழைப்பு எங்கே போக வேண்டும் என்று தீர்மானிப்பதும், அதை அறிய வேண்டியவர்களுக்கு அறியத் தருவதும் ஒரே வேலையின் மூன்று பகுதிகள். முதல் பகுதியை மட்டும் செய்துவிட்டு முழுக்கூலி வரவில்லையே என்று வருந்துவதில் பயன் இல்லை.

இதைத் தன்னலம் என்று நினைப்பவர்களுக்கு மேரி ஜாக்சனின் முடிவைச் சொல்ல வேண்டும். எஞ்சினியராக 21 ஆண்டுகள் இருந்தபின், 1979இல், அவர் தானே கேட்டுத் தன் நிலையிலிருந்து கீழே இறங்கி, பெண்களின் பணி வாய்ப்புகளைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்றார். தனக்குப் பின்னால் வருபவர்கள் தன்னைப்போல ஒவ்வொரு கதவிலும் மனுப்போட்டுக்கொண்டு நிற்கக் கூடாது என்று நினைத்தார். தன் பாதையைத் தானே போடக் கற்றவரால்தான் அது முடிந்தது. யாரோ நகர்த்திவைத்த இடத்தில் இருப்பவர் பிறருக்கு வழிகாட்ட முடியாது. தான் எப்படி அங்கே வந்தோம் என்று அவருக்கே தெரியாது.

ஆகவே, இந்த வாரத்தில் அரை மணி நேரம் ஒதுக்கிச் சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் எழுதிப் பாருங்கள். நான் இல்லாத அறையில் என் பெயர் வந்தால், என் மேனேஜர் சொல்லக்கூடிய ஒரு வாக்கியம் எது? அவரைத் தவிர என் வேலையை அறிந்தவர் வேறு யார்? இரண்டு வருடத்தில் என் மேசைக்கு வரப்போகும் மாற்றத்தை நான் கற்கத் தொடங்கிவிட்டேனா? எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், ராமானுஜனைப் போல ஒரே மூச்சில் சொல்ல என்னால் முடியுமா? பதில் வராத கேள்விதான் நீங்கள் அடுத்து உழைக்க வேண்டிய இடம். பதில் எல்லாம் இருந்தும் அங்கே வழி இல்லை என்று தெரிந்தால், வேறிடம் தேடிப் போவதும் உழைப்புக்குச் செய்யும் துரோகம் ஆகாது.

நீங்கள் ஏற்கெனவே அந்த அறைக்குள் உட்காரும் இடத்துக்கு வந்துவிட்டவர் என்றால், உங்களுக்கு ஒரு வேண்டுகோள். கூட்டத்துக்குப் போகும் முன் உங்களிடம் வேலை பார்ப்பவர் ஒவ்வொருவரும் இந்த வருடம் செய்த ஒரு காரியத்தையாவது பெயரோடு எழுதிக்கொண்டு போங்கள். "எல்லாமே பண்ணுவான்" என்று யாரைப் பற்றியும் சொல்லாதீர்கள்.